நெய்யோடு சாப்பிட வேண்டிய மாத்திரை

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை இன்று கரமனையில் வாங்கினேன்.

"வெறும் வயித்துல வேண்டா சாரே. கொழுப்புள்ள சாப்பாட்டோட எடுத்தாதான் உடம்புல சேரும், கேட்டோ" என்றார் மருந்துக்கடையின் மலையாளிப் பெண்.

கொலஸ்ட்ரால் கூடியதிலிருந்து என் தட்டுக்கு நெய்யே வருவதில்லை.

மத்தியானம் நானே நெய்யை எடுத்து ஊற்றப் போனேன். மனைவி கையைப் பிடித்தாள். "என்னன்னா இது?"

மாத்திரையைக் காட்டி, தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "நான் வேற என்னமோ நெனச்சுண்டிருந்தேன். ஒங்களுக்கு என்னைப் பிடிக்காமப் போயிடுத்தோன்னு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளே ஒரு ஸ்பூன் நெய் விட்டாள்.

ஹார்மோன் குறைந்தது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா என்று இப்போது எனக்கே குழப்பம். புரிந்தவர்கள் சொல்லுங்கள்.