முகம் செதுக்கிய பூசணிக்காய்

எங்களுக்குச் சோறு போட்ட வீட்டைச் சபித்தவன் நான். அந்தச் சாபத்தை வாழ்த்தென்று எல்லாரும் நம்பும்படி விட்டவனும் நானே! உன்னிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

மலாயாவின் ஜொகூர் பாருவில் கடலைப் பார்த்த குன்றின்மேல் வெள்ளைக்காரர்களின் பங்களாக்கள் வரிசையாக நின்றன. இன்று அங்கே லாலான் புல்தான். அவற்றில் மிகப் பெரிய பங்களாவில் என் அம்மா ஆயாவாக இருந்தாள். சமையற்கட்டுக்குப் பின்னாலிருந்த அறைதான் எங்கள் வீடு.

அக்டோபர் முடிவில் அவர்களுக்குப் பேய்த் திருநாள் வரும். ஹாலோவீன் என்பார்கள். துரைசாணி பூசணிக்காயைக் குடைந்து, கண்ணும் பல்லும் செதுக்கி, உள்ளே மெழுகுவத்தி ஏற்றி வாசல் தூணில் வைப்பார். பிள்ளைகள் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். அந்தத் துணிகளைத் துவைத்துக் கஞ்சி போட்டவள் என் அம்மா.

ஒரு வருடம் நானும் வருகிறேன் என்றேன். தினமும் என்னோடு விளையாடும் துரை மகன் ராபின், உனக்கு வேஷம் எதற்கு, அப்படியே வந்தாலே எல்லாரும் பயந்துவிடுவார்கள் என்று மலாய் மொழியில் சொன்னான். மற்றப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மறுநாள் காலை அந்தப் பூசணிக்காயைத் தூக்கிப்போய் நடுத்தெருவில் போட்டு உடைத்தேன்.

“இந்த வீடு வெளங்காமப் போகட்டும்.”

மெல்லத்தான் சொன்னேன். ஆனால் தெரிந்தே சொன்னேன்.

சத்தம் கேட்டுத் துரைசாணி ஓடிவந்தார். அம்மா முந்திக்கொண்டாள். “திருஷ்டி கழிக்கிறாம்மா. மொகம் போட்ட பூசணிக்காய ஒடச்சாதான் வீட்டுக்கு நல்லது.” என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய்யா? இல்லை, அவள் அதை மனதார நம்பினாள்! அன்று மாலை என் தலையைத் தடவி மெச்சினாள். துரைசாணியும் நெகிழ்ந்துபோய், அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் என்னையே உடைக்கச் சொன்னார். உடைத்தேன்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. துரைக்கு ரப்பர் கம்பெனி வேலை போயிற்று. குடும்பத்தோடு கப்பல் ஏறினார். பங்களாக்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கூரை ஓடுகளையும் கதவுகளையும் யார் யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். என் வாய்ச்சொல்லுக்கு ரப்பர் விலை இறங்காது. அந்த அளவுக்கு நான் மடையனில்லை. ஆனால் நான் கேட்டது நடந்தது! அந்த வீட்டோடு அம்மாவின் அறையும் போகும் என்று யோசித்தேனா? கடைசிவரை ஊரார் துணியைத் துவைத்தே தேய்ந்தாள்.

சாவதற்கு முன்பும் சொன்னாள். “நீ திருஷ்டி கழிச்சதாலதான்டா அத்தன வருஷம் அங்க நிம்மதியா இருந்தோம்.”

நான் மறுக்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஆமாம் என்றேன்.

இப்போது இந்தப் பக்கத்தில் யார் வீடு கட்டினாலும் பூசணிக்காய் உடைக்க என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். ராசியான கையாம்! வருகிற வெள்ளிக்கிழமையும் ஒரு வீடு இருக்கிறது. போகத்தான் போகிறேன்.