சார்ஜ் இல்லாத போனில் பேசியது யார்?

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். ரப்பர் தோட்டத்து வழியாகக் கல்லூரிக்குப் போய்வருகிற பெண்ணுக்குப் பயப்பட மனுசன் போதாதா? அதற்குத்தான் குடையை மடக்கிக் கையில் பிடிப்பது, ஷாலில் ஊக்கு குத்தி வைப்பது, ஆள் நடமாட்டம் இல்லாத இடம் வந்தால் போனைக் காதில் வைத்து, இல்லாத அண்ணனிடம் "வளைவுக்கு வந்திட்டியா?" என்று கேட்பது எல்லாம். எங்கள் வகுப்புப் பெண்கள் அத்தனை பேருக்கும் இது பாடம். பையன்களுக்கு என்ன பாடம்? மீசையைத் தடவுவது, அவ்வளவுதான்.

அதிலும் ஜெபின் என்று ஒருவன், என் வகுப்பு, எங்கள் ஊர்க்காரன். "பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது" என்பான். நரியாவது தன் வாலைப் பார்த்துக்கொள்ளும். இவன் கருங்கல் சந்தையில் பின்பாக்கெட்டில் பர்ஸைத் துருத்திக்கொண்டு நடந்து பறிகொடுத்தவன்.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், கருங்கலில் பஸ் இறங்கி இரண்டு பேரும் தோட்டத்து வழியில் நடந்தோம். மத்தியானமே சார்ஜ் தீர்ந்து அணைந்த போனைக் காதில் வைத்து, வழக்கம்போல அண்ணனைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, செத்த போன்ல யாருகிட்ட பேசுத? நான் கூட வாறது காணாதா?"

"நீ வாறதுனாலதாம்லே பேசுதேன்."

சிரித்துக்கொண்டே போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்தான். "ஹலோ, அண்ணாச்சியா?" என்றவன் அப்படியே நின்றுவிட்டான். நம்பினால் நம்புங்கள், முகத்தில் ரத்தமே இல்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்த வழியே ஓடி, முதலில் கண்ட வீட்டு வாசலில் ஏறினான். அந்த வீட்டு அக்கா கதவைத் திறக்கவும், வளைவுப் பக்கமிருந்து நம்பர் பிளேட் இல்லாத பைக்கில் இரண்டு பேர், முகத்தில் துணி கட்டி, எங்களையே பார்த்துக்கொண்டு மெல்லக் கடந்து போகவும் சரியாக இருந்தது.

போனை வாங்கி அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். கறுப்புத் திரைதான்.

ஒரு வாரம் என்னைக் கண்டாலே வேறு பக்கம் திரும்பி நடந்தது அந்த நரி. பிறகு கேண்டீனில் வைத்து, தரையைப் பார்த்தபடி சொன்னான்: "உன் சத்தந்தான் கேட்டுது. 'ஏலே ஜெபின், என்னைத் தனியா விட்டுட்டு ஓடுதியே'ன்னு அழுத."

அந்த பைக்காரர்கள் வளைவில் எங்களை மறித்திருந்தால் அவன் ஓடியிருப்பான் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஆனால் அந்த நேரம் நான் அவன் பக்கத்தில் வாய் மூடி நின்றுகொண்டிருந்தேனே! அதோடு, அந்த அழுகை பாதியில் நின்றுபோனது என்றான். எப்படி நின்றது என்று இன்றுவரை நான் அவனிடம் கேட்கவில்லை.