தண்ணீரை வைத்துவிட்டு விலகியவர்

பவளராணி போய்விட்டார் என்று அவருடைய தங்கை தொலைபேசியில் சொன்னபோது, வெள்ளவத்தைச் சந்தையில் பூசணிக்காய்க்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். அவருக்குச் சூப் வைக்கத்தான் அது.

வங்கியில் என் பக்கத்து மேசைக்காரி அவர். நீண்ட விடுமுறை வந்தால் எங்களையெல்லாம் திரட்டிக்கொண்டு நெடுந்தீவுக்குப் புறப்பட்டுவிடுவார். கூட வந்த வங்கி நண்பர்களே, உங்களுக்குத் தெரியும், அது சுற்றுலாவா தண்டனையா என்று. பவளப்பாறையில் வெட்டிய முருகைக்கல் மதில்களை ஒட்டி, கொளுத்தும் வெயிலில் நடை. "காலைத் தந்த கடவுளுக்கு ஒரு மரியாதை வேண்டாமே?" என்பார்.

ஒரு கடும் வறட்சியில் போனோம். காட்டுக்குதிரைகளுக்கென்று கொழும்பிலிருந்து ஒரு பை கரட் சுமந்து போயிருந்தேன். வெட்டைவெளியில், விலா எலும்பு தெரிய ஒரு தாய்க்குதிரை, நெற்றியில் வெள்ளைப் பொட்டுள்ள குட்டியோடு நின்றது. குட்டி தள்ளாடியது. கிணற்றடித் தொட்டி காய்ந்து கிடந்தது.

"கரட்டை நாங்கள் கறி வைப்பம். முதல்ல தண்ணி அள்ளுங்கோ" என்றார் பவளராணி.

அந்த ஊரில் கிணற்றுக்குப் போகிறவர்கள் தங்கள் குடத்துக்கு முன் தொட்டியில் ஊற்றுவார்கள். நாங்களும் வாளி மாற்றி வாளியாக ஊற்றினோம். தொட்டி நிறைந்தும் குதிரைகள் கிட்ட வரவில்லை. நான் படம் எடுக்கத் தயாராக நின்றேன்.

"நாங்கள் நிண்டா அது குடிக்காது. வைச்சிட்டு விலகுங்கோ."

"குடிக்குதோ எண்டு பாக்க வேண்டாமே?"

"அது குடிக்க வைச்சதோ, நீர் நிண்டு பாக்க வைச்சதோ?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படகுக்கும் நேரமாகிவிட்டது. குட்டி பிழைக்குமா என்று தெரியாமலே திரும்பினோம். மழைக்குப் பிறகு மறுபடி போனபோது, வெள்ளைப் பொட்டுக்காரன் தாயை முந்தி ஓடிக்கொண்டிருந்தான். பவளராணி கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார்.

நோய் வந்தபின் தன்னை யாரும் பார்ப்பதை அவர் விரும்பவில்லை. சூப் போத்தலை அவர் வீட்டு வாசல் கேற்றில் கொழுவி, மணியை அடித்துவிட்டுப் போய்விடுவேன். மாலையில் கழுவிய போத்தல் அங்கே தொங்கும். குடித்தாரா, கொட்டினாரா என்று நான் கேட்டதில்லை.

செத்தவீட்டில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா யன்னல் சீலைக்குப் பின்னால நிண்டு பாத்துக்கொண்டிருப்பா. நீங்கள் மூலை திரும்பினாப் பிறகுதான் போத்தலை எடுக்க விடுவா. ஒரு சொட்டும் மிச்சம் விடமாட்டா."

பவளம், உம்மிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த விலகல்தான். கோபித்துக்கொண்டு கற்றேன். நன்றி.