பற்றின்மை ஏறிப்போன ஜீப்பு

1979-ல், மதுரையில் எம்.ஏ. தத்துவம் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஆராய்ச்சிக் கட்டுரையைச் சமர்ப்பிக்க ஆறு நாள்தான் இருந்தது. நூற்றிருபது பக்கம், எல்லாம் கையெழுத்து, நகல் கிடையாது. டைப் அடிக்கக் கொடுப்பதற்காக அதை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு என் ஊரான சிலமலையிலிருந்து போடிக்குக் கிளம்பினேன். பஸ்சு வரவில்லை. போடி வழியாக மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போன ஜீப்பில் தொற்றிக்கொண்டேன்.

போடியில் இறங்கி, டைப்ரைட்டிங் கடைப்படி ஏறியபோதுதான் கை காலியாக இருப்பது தெரிந்தது. பை ஜீப்போடு மலையேறிவிட்டது.

அதே தோட்டத்துக்கு அரிசி லோடு ஏற்றிய இன்னொரு ஜீப்பு நின்றது. டிரைவரிடம் கெஞ்சி ஏறினேன். முதல் கொண்டை ஊசி வளைவிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்னப்பு தொலைச்ச? நகையா?" என்றார் டிரைவர்.

"ஆராய்ச்சிக் கட்டுரைண்ணே."

"எதைப் பத்தி?"

"பற்றின்மையைப் பத்தி."

அப்படியென்றால் என்னவென்று கேட்டார். எதுவும் நம்முடையது இல்லை, அதனால் ஒன்று கைவிட்டுப் போனால் கலங்கக் கூடாது என்று மூக்கைச் சிந்திக்கொண்டே விளக்கினேன். ஸ்டீயரிங்கை ஒடித்து அடுத்த வளைவில் திருப்பிவிட்டுக் கேட்டார்:

"அப்ப எதுக்குப்பு அழுகுற?"

அதற்குப் பதில் நாலாம் அத்தியாயத்தில் இருந்தது. அத்தியாயம் பையில் இருந்தது.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கோடை மழை ஊற்றிக்கொண்டிருந்தது. களையெடுத்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் தலையோடு பாலிதீன் தாளைப் போர்த்தியிருந்தார்கள். ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா மட்டும் தொப்பலாக நனைந்து நின்றார். அவருடைய தாள், பக்கத்துப் பாறையிடுக்கில் என் பையைச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. ஒரு பக்கம்கூட ஈரமாகவில்லை.

"நான் நனைஞ்சா காஞ்சுக்கிருவேன். பத்திரம் நனைஞ்சா போச்சில்ல? ஒத்தப் பட்டாவுக்கு நான் ரெண்டு வருசம் தாலுகா ஆபீசுக்கு நடந்தவ" என்றவர், பையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இம்புட்டுக் கனமா இருக்கே, எந்த ஊரு நெலம் அப்பு?"

நிலமே இல்லை, வெறும் தத்துவம்தான் என்று நனைந்து நிற்கிறவரிடம் எப்படிச் சொல்வது?

"மதுரையில ஆத்தா" என்றேன்.

டிரைவர் திரும்பிக்கொண்டு இருமினார்.

"வெரசாக் கொண்டுபோயி வீட்ல வையி. சித்தப்பன் பெரியப்பன் யாருகிட்டயும் காட்டாத" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா களையெடுக்கக் குனிந்துவிட்டார்.

கட்டுரை தேறியது. முப்பது வருடம் கல்லூரியில் தத்துவம் நடத்தி ஓய்வும் பெற்றுவிட்டேன். அந்த அம்மாவிடம் சொன்ன பொய் வெகுநாள் உறுத்தியது. அது வெறும் காகிதம் என்று அவருக்குத் தெரிந்திருந்தாலும், இன்னொருவர் பொருள் என்பதற்காகவே அவர் அதைப் போர்த்தித்தான் வைத்திருப்பார் என்பது எனக்கு இந்த வயதில்தான் புரிகிறது.