உப்புக் கொழுக்கட்டை

மூன்று வருடங்களுக்கு முன்னால், புனேயில் கணபதி விழா நடந்துகொண்டிருந்த ஒரு மதியம். ஹடப்சரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். கணவரின் ஐ.டி. வேலைக்காகத் திருச்சியிலிருந்து வந்தவர்கள். அன்று சமையலறையை ஒழித்துப் போட்டுவிட்டு உட்காரப் போனேன், மேல் மாடி ஆன்ட்டியிடமிருந்து போன். "ஜல்தி மேல வாம்மா, தம்பி பாத்ரூம்ல விழுந்துட்டான்" என்று அலறினார்.

அந்த ஆன்ட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பூர்வீகம் வேலூர்ப் பக்கம். கல்யாணமாகி வந்ததிலிருந்து புனேதான். தமிழில் ஆரம்பித்து இந்தியில் போய் மராத்தியில் முடிப்பார். கணவர் சர்க்கரை வியாதியில் இறந்துபோக, தம்பி என்று அவர் கூப்பிடும் ஒரே மகனோடு இருந்தார். அவனுக்கு இருபத்தாறு வயது இருக்கும். எங்கள் கட்டடத்தில் தமிழ் வீடுகள் இரண்டே இரண்டு என்பதால் தோசை மாவு, சாவிக்கொத்து, ஊர் வம்பு எல்லாம் எங்களுக்குள் பொது. வம்பில் என் பங்குதான் அதிகம், ஒத்துக்கொள்கிறேன்.

அவர் மகனுக்கும் சுகர் என்பது கட்டடத்துக்கே தெரியும். வேலைக்கு வரும் மாவ்ஷி ஒருநாள் அவர்கள் குளியலறையில் ஊசியைப் பார்த்துவிட்டு மாடிப்படியில் நின்று சத்தமாகச் சொன்னாளாம். அன்றைக்கே ஆன்ட்டி, "அப்பாவுக்கு வந்தது பையனுக்கும் வந்துடுச்சு, இன்சுலின் போட்டுக்கறான்" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். இவ்வளவு சின்ன வயதிலா என்று நான் உச்சுக் கொட்டினேன். அதோடு நிற்காமல் வெந்தயம், பாகற்காய், நாவல்கொட்டைப் பொடி என்று யோசனைகளை வாரி வழங்கினேன். கணபதிக்குக் கொழுக்கட்டை செய்தால் எல்லோருக்கும் வெல்லப் பூரணம், அவனுக்கென்று தனியாக உளுந்து வைத்த உப்புக் கொழுக்கட்டை. அதைக் கொடுக்கும்போது எனக்குள் ஒரு பெருமை வேறு. "தேங்க்ஸ் அக்கா" என்று கொச்சைத் தமிழில் சொல்லி வாங்கிக்கொள்வான். பக்கத்தில் இருக்கும் வெல்லக் கொழுக்கட்டைத் தட்டை ஒரு தடவை பார்ப்பான். ஆன்ட்டி அதை நகர்த்தி வைத்துவிடுவார்.

சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவான். "என்ன தம்பி, உனக்கு மட்டும் ஸ்வெட்டர் சீசனா?" என்று லிஃப்டில் கிண்டல் செய்திருக்கிறேன். "ஏசிலயே உக்காந்து பழகிடுச்சு அக்கா" என்பான். கன்னம் ஒட்டிப்போய்க்கொண்டே இருந்தது. சுகர் உடம்பை உருக்குகிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அந்த மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்து வந்து போனது. டெங்குவும் சிக்குன்குனியாவும் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்த நேரம். தெருமுனை கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு நாள் விடும், மறுபடி குளிர் தூக்கிப் போடும். நானும் என் பங்குக்குக் கஷாயம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

போன் வந்ததும் கணவரிடம் மகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினேன். குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்தான். உடம்பு நெருப்பு. மூச்சு வாங்கியது, கூப்பிட்டால் பதில் இல்லை. சுகர் இறங்கிவிட்டது என்று முடிவு செய்தேன், எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! சமையலறைக்கு ஓடிச் சர்க்கரையை அள்ளி வந்து அவன் கன்னத்துக்குள் அடைத்தேன். புரையேறி இருமினான். ஆன்ட்டி, "போதும், வேணாம்" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். ஏன் வேண்டாம் என்கிறார் என்று அப்போது புரியவில்லை.

தூக்குவதற்காக அவன் முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்தேன். சுருக்கென்றது. உள்ளங்கையில் ஊசி ஏறியிருந்தது. மூடி போடாத சிரிஞ்சு. இன்சுலின் ஊசிதானே என்று பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டு, குழாயில் கையைக் கழுவினேன். கீழே பந்தலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்த இளைஞர்களும் வாட்ச்மேனும் வந்து அவனைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். வழியெல்லாம் ஊர்வலம், டோல் தாஷா மேளச் சத்தம். ஆட்டோ நகர்வேனா என்றது. அவன் தலை என் மடியில் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நானே முந்திக்கொண்டு இந்தியில் பதில் சொன்னேன். சுகர் பேஷன்ட், இன்சுலின் போடுகிறான், சுகர் இறங்கி மயங்கிவிட்டான். விரலில் குத்திப் பார்த்தார்கள். நான் அடைத்த சர்க்கரையையும் மீறி அளவு சரியாகவே இருந்தது. எவ்வளவு இன்சுலின், எத்தனை வருடமாக என்று டாக்டர் ஆன்ட்டியைப் பார்த்துக் கேட்டார். ஆன்ட்டி என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். டாக்டர் அவன் சட்டையின் முழுக்கையைச் சுருட்டிப் பார்த்தார். இரண்டு கைகளிலும் கறுத்துத் தடித்த தழும்புகள். இது என்ன என்று கேட்டார். அப்போதும் ஆன்ட்டி வாய் திறக்கவில்லை. அவனை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளங்கை விண்ணென்று தெறித்ததால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆன்ட்டி என்ன ஆச்சு என்று கேட்டார். உங்கள் பையனின் ஊசி குத்திவிட்டது, பரவாயில்லை என்றேன்.

அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"அது இன்சுலின் ஊசி இல்ல பேட்டா. அவனுக்கு சுகரே கிடையாது. போதை மருந்து ஊசி. நாலஞ்சு பசங்க சேந்து ஒரே ஊசியில போட்டுக்கறானுங்க. நீ மொதல்ல எழுந்திரு, டாக்டர்கிட்ட கையக் காட்டு."

எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, ஆத்திரம்தான். "எனக்கு நாலு வயசுல புள்ள இருக்கு ஆன்ட்டி!" என்று ஆஸ்பத்திரி என்றும் பாராமல் கத்தினேன். அவர் என்னை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். எதைச் சொல்லக் கூடாது என்று இரண்டு வருடமாகக் கட்டிக் காத்தாரோ, அதை எல்லோர் முன்னாலும் உரக்கச் சொன்னார். முன்பு ஒருமுறை அவன் சென்னைக்குப் போயிருக்கிறான் என்று அவர் சொன்ன நாட்களில் உண்மையில் மறுவாழ்வு மையத்தில் இருந்தான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. என் ரத்தத்தையும் அவன் ரத்தத்தையும் எடுத்தார்கள். எச்.ஐ.வி. வராமல் தடுக்க மாத்திரை உண்டு, மூன்று நாட்களுக்குள் ஆரம்பித்தால்தான் பலன், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்று சொல்லி முதல் மாத்திரையை அங்கேயே விழுங்க வைத்தார்கள். ஹெபடைடிஸ் சி-க்கு அப்படித் தடுப்பு மாத்திரை கிடையாதாம். பரிசோதனை செய்துகொண்டு காத்திருக்க வேண்டியதுதான். பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டர் ஆன்ட்டியைத் தனியாகக் கூப்பிட்டார். வெளியே வந்தவர் நேரே என்னிடம் வந்து, இரண்டுமே அவனுக்கு இருக்கிறது என்றார்.

அவனுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து இதயத்தில் இருந்தது. ஊசி வழியாகப் போன கிருமி ரத்தத்தில் கலந்து இதய வால்வை அரித்திருந்தது. அந்தக் காய்ச்சல் எல்லாம் அதனால்தான். கிளினிக் மாத்திரையில் அடங்குவதும் திரும்ப வருவதுமாக இருந்திருக்கிறது. ஊசி விஷயம் தெரிந்திருந்தால் முதல் காய்ச்சலிலேயே இதயத்தைப் பார்த்திருப்போம் என்று டாக்டர் சொன்னார். திட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். ஆன்ட்டி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நடுவில் ஒருநாள் அவனுக்கு நினைவு நன்றாகத் திரும்பியது. என் கையில் இருந்த பிளாஸ்திரியைப் பார்த்து, "சாரி அக்கா" என்றான். பிள்ளையாரைக் கரைக்கும் விசர்ஜன் ஊர்வலங்கள் போய்க்கொண்டிருந்த அன்று காலையில் இறந்துவிட்டான்.

ஒரு மாதம் அந்த மாத்திரைகளைச் சாப்பிட்டேன். குமட்டலும் தலைசுற்றலுமாகப் படுத்திருந்தேன். வீட்டில் புழங்குவதால் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியும் என் தட்டு, டம்ளர், துண்டு எல்லாவற்றையும் தனியாக வைத்துக்கொண்டேன். மகளை முத்தமிடப் பயந்தேன். திருச்சியிலிருந்து மாமியார் போன் செய்து, குரல் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"கேஸ்ட்ரிக் அத்தை, எது சாப்பிட்டாலும் ஒத்துக்க மாட்டேங்குது" என்றேன்.

சொல்லிவிட்டுப் போனை வைத்தபோதுதான் உறைத்தது. ஒரு தப்பும் செய்யாத எனக்கே உண்மைப் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. ஆன்ட்டியை எப்படித் திட்டுவது? அன்றைக்கு டாக்டர் கேட்டபோது அவர் ஏன் பேசாமல் நின்றார் என்பதும் அப்போதுதான் புரிந்தது. பக்கத்தில் நான் நின்றேன். முன்பே தெரிந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். மகளை அந்தப் படி ஏற விட்டிருக்க மாட்டேன். அடுத்த வாரமே எங்கள் கட்டடம் முழுக்கச் செய்தி போயிருக்கும். பெற்ற பிள்ளைக்காகக்கூட என் எதிரில் சொல்ல முடியாததை, என் உயிருக்கு ஆபத்து என்றதும் அந்த நொடியே சொன்னார். அவர் பேசாமல் இருந்திருந்தால் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு நான் வீட்டுக்கு வந்திருப்பேன்.

மாதக்கணக்கில் காத்திருந்து, எல்லாப் பரிசோதனைகளிலும் எனக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. அதை முதலில் ஆன்ட்டியிடம்தான் போய்ச் சொன்னேன். சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். மகன் போனபோது வராத அழுகை அன்றைக்கு வந்தது.

மறு வருடம் கணபதி வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் வெல்லக் கொழுக்கட்டையை ஒரு கிண்ணத்தில் போட்டு மேலே எடுத்துப்போனேன். ஆன்ட்டி ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு சொன்னார்: "நீ குடுக்கற உப்புக் கொழுக்கட்டைய உன் எதிர்ல தின்னுட்டு வீட்டுக்கு வருவான். கிச்சனுக்குள்ள போயி, திருட்டுத்தனமா வெல்லத்த உடைச்சி வாயில போட்டுக்குவான். சின்ன வயசுலேந்து அவனுக்கு இனிப்புன்னா அவ்ளோ ஆசை."

இப்போதும் ஒவ்வொரு கணபதிக்கும் முதல் கிண்ணம் மேல் மாடிக்குத்தான் போகிறது. ஆனால் என் தலைக்கு மேலே ஒரு பிள்ளை செத்துக்கொண்டிருந்தபோது, அதை யாரிடமிருந்தெல்லாம் மறைக்க வேண்டும் என்று அவன் அம்மா பயந்தாரோ, அந்த ஆட்களில் நானும் ஒருத்தியாக இருந்தேன் என்பதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.