டாக்டர் சவரியம்மாள் வாங்கிய இரண்டு உதவித்தொகைகள்

செவ்வாய்க்கிழமை காலை விழுப்புரத்திலிருந்து சவரியம்மாளின் தம்பி போன் செய்தார். எடுத்ததும், "சாப்டீங்களாக்கா?" என்றார். ஒருநாளும் அவர் அப்படிக் கேட்டதில்லை. "இன்னும் இல்ல, சொல்லுப்பா" என்றேன். "அக்கா தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றார்.

மாலையில் கல்லறைத் தோட்டத்தில் நிற்க இடமில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் அவள் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள். நீங்களும் இருந்திருப்பீர்கள். உங்களுக்குத் தெரிந்தது டாக்டரம்மாவை. அதற்கு முந்தைய சவரியைப் பற்றி, பள்ளியில் கூடவே படித்தவள் என்ற உரிமையில் கொஞ்சம் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் திண்டிவனத்தில் நாங்கள் பக்கத்துத் தெருக்காரர்கள். அவள் அப்பா மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டை தூக்கினார். சவரிக்குச் சென்னையில் மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் உதவித்தொகை வந்தால்தான் போய்ச் சேர முடியும். மனு போட்டிருந்தாள். வீட்டு நிலைமையை விசாரிக்க ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தகவல் வந்தது.

பெரிய மனிதர் வருகிறாரே என்று அவள் அப்பா தெருவெல்லாம் இரவல் வாங்கினார். சைக்கிள் கடையிலிருந்து இரண்டு நாற்காலி, தபால்காரர் வீட்டிலிருந்து சுவர்க் கடிகாரம். என் பங்குக்கு எங்கள் வீட்டு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போய் அங்கிருந்த பெட்டியின்மேல் வைத்து, பூப்போட்ட துணி ஒன்றையும் போர்த்தினேன். ஏழை என்று காட்ட வேண்டிய நாளில் வீட்டைப் பணக்கார வீடாக்குகிறோம் என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. சவரி அப்போது பள்ளிக்கூடத்தில் சான்றிதழ் வாங்கப் போயிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினார். அதைப் பார்த்த பிறகுதான் செய்த தப்பு எனக்குப் புரிந்தது. நியூஸ் நேரமாயிற்றே, ரேடியோவைப் போடுங்கள் என்றார். அவள் அப்பா ரேடியோவின் மேலிருந்த துணியை இழுத்துச் சரிசெய்தார்.

சரியாக அந்த நேரத்தில் சவரி உள்ளே வந்தாள். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தாள்.

"போட முடியாதுங்க ஐயா. எங்க வீட்ல கரண்டு இல்ல. ரேடியோ இவ வீட்டுது. நீங்க குந்திக்கினு இருக்கிற சேரு சைக்கிள் கடையுது. உங்களுக்கு மரியாத பண்ணணும்னு எங்கப்பா கேட்டு வாங்கியாந்திருக்காரு."

"அப்ப உங்க வீட்டுது இன்னாம்மா இருக்குது?"

"நாங்க நாலு பேருதாங்க."

அவர் சிரிக்கவில்லை. எழுதிய தாளைக் கிழித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, புதிய தாளில் முதலிலிருந்து எழுதினார். கிளம்பும்போது, அந்த நாற்காலிகளை முதலில் கொண்டுபோய்க் கொடுங்கள், கடைக்காரர் எவ்வளவு நேரம் நின்றுகொண்டே இருப்பார் என்று மட்டும் சொன்னார். உதவித்தொகை வந்தது.

சில வருடம் கழித்து, படிப்பு முடியும் தறுவாயில், மாணவர்களுக்கான ஆராய்ச்சி உதவித்தொகை ஒன்றுக்கு மனு செய்தாள். செருப்பில்லாமல் மல்லாட்டைக் கொல்லையில் வேலை செய்யும் பெண்களுக்குக் கொக்கிப்புழுவால் வரும் ரத்தசோகையைப் பற்றியது அது. என்ன முடிவு கிடைக்கும் என்று நினைக்கிறாய் என நேர்காணலில் கேட்டார்களாம். "தெரிஞ்சிருந்தா உங்ககிட்ட வந்திருக்கவே மாட்டேங்க" என்றாளாம். அதுவும் கிடைத்தது.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் கூட்டேரிப்பட்டைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு லீவு நாட்களில் நானும் துணைக்குப் போவேன். வீடு வீடாக மூடி போட்ட தகர டப்பாவைக் கொடுத்து, பரிசோதனைக்கு மலம் கேட்க வேண்டும். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அஞ்சலை என்ற கூலிக்காரப் பெண், "டாக்டருக்குப் படிச்சிட்டு இதையா கேட்டுக்கினு திரியுற?" என்று கேட்டுவிட்டாள். சவரி அசரவில்லை. "இதுக்குத்தாங்க்கா எனக்குப் பணமே குடுத்திருக்காங்க" என்றாள். சுற்றி நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாள் ஒரு டப்பா பாக்கியில்லாமல் வந்து சேர்ந்தது. திரும்பும்போது பஸ்ஸில் எங்கள் மடியிலிருந்த பையைப் பார்த்த கண்டக்டர், தின்பண்டமா என்று விசாரித்தார். சவரி சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

அஞ்சலை அப்போது கிணற்றிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வீடு போய்ச் சேர்வதற்குள் இரண்டு இடத்தில் குந்திவிடுவாள். அவளுக்கும் புழு இருந்தது. கல்லூரிப் பேராசிரியரைப் பிடித்து, எல்லாருக்கும் புழு மாத்திரையும் இரும்புச்சத்து மருந்தும் கிடைக்கச் செய்தாள் சவரி. வேலை முடிந்து அறிக்கை எழுதியாயிற்று. ஆனால் அதை அனுப்ப மாட்டேன் என்றாள். "யாரு உடம்புல பாத்தமோ அவங்ககிட்ட மொதல்ல சொல்லணும்டி. பேப்பர் அப்புறம் போவட்டும்." அதற்காகவே மறுபடி ஊர் ஊராகப் போனோம்.

அஞ்சலை அன்று கொல்லையில் இருந்தாள். புழு போய்விட்டது, ரத்தம் ஏறியிருக்கிறது என்று சவரி சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். சரி என்று, மல்லாட்டைக் கொடிக் கட்டைத் தலையில் ஏற்றி வரப்பில் நடக்கத் தொடங்கினாள். வெறுங்கையோடு வந்த எங்கள் இருவராலும் கூடவே போக முடியவில்லை. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள். "ஜல்தி வாங்கம்மா, இன்னா இப்டி நடக்குறீங்க" என்றாள்.

சவரி அந்த வரப்பிலேயே உட்கார்ந்து, மூச்சு வாங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

பிறகு அவள் பெரிய ஆஸ்பத்திரிகளில் இருந்தாள், பட்டங்கள் வாங்கினாள். அதெல்லாம் ஊருக்குத் தெரியும். எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த மத்தியானத்தைத்தான். அவள் சிரித்து முடிக்கட்டும் என்று, தலைச்சுமையை இறக்காமலே அஞ்சலை எங்களுக்காக நின்றுகொண்டிருந்தாள்.