பேய் சொல்லும் நியாயம்

எங்கள் ஊரான வேலணையில், வாசிகசாலையில் மாதம் ஒருமுறை, வாசித்த புத்தகத்தைப் பற்றி ஒருவர் பேசவேண்டும். எப்போதும் கடைசி வாங்கில் இருந்துவிட்டு எழும்பி வருகிற என்னையும் இந்த வருடம் பிடித்துவிட்டார்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். வெள்ளைக்காரர் ஆரம்ப காலத்தில் எழுதிய பேய்க்கதைகளைத் தமிழில் சுருக்கிப் போட்ட ஒரு புத்தகம்தான் அலுமாரியில் என் கைக்கு வந்தது.

பாழடைந்த மாளிகை, தானாகத் திறக்கும் கதவு, தலைமாட்டில் வந்து நிற்கும் உருவம். பயந்து பயந்து வாசித்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. அந்தப் பேய்கள் சும்மா வெருட்ட வருவதில்லை. உரிமை இல்லாத ஒருவன் வீட்டை வைத்திருக்கிறான். ஊர் வாய் திறப்பதில்லை. அதனால் செத்தவர் எழும்பி வந்து, இது உன் வீடில்லை என்கிறார். உரியவர் வந்ததும் பேய் போய்விடுகிறது. இதை நானாகவே கண்டுபிடித்த பெருமையில் கூட்டத்தில் இரண்டு தரம் சொன்னேன்.

சிலர் யன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே என் பக்கத்து வீட்டுக்காரி இருந்தார். சண்டைக் காலத்தில் அல்லைப்பிட்டியிலிருந்து ஓடிவந்து, கனடாவுக்குப் போன என் மச்சாளின் பூட்டிக் கிடந்த வீட்டில் இருப்பவர். மச்சாள் அவரை இரு என்றும் சொன்னதில்லை, எழும்பு என்றும் சொன்னதில்லை. ஊரில் இப்படி ஆட்கள் இருக்கிற வீடுகள் கன இருக்கின்றன. பேசும்போது எனக்கு இது நினைவில் வரவே இல்லை.

பின்னாலிருந்து ஒருவர், "அப்ப வேலணையில பேய்க்குக் கன வேலை இருக்கு அக்கா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

விடிந்ததும் பக்கத்து வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். விறாந்தையில் இரண்டு உரப்பைகளில் உடுப்புகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. எனக்குக் கதிரை போட்டுவிட்டு, மச்சாள் எப்போது வருகிறா என்று கேட்டார். ஒருவரும் வரவில்லை, நான் சொன்னது வெறும் கதை என்றேன்.

"நேர சொல்லியிருக்கலாம் அக்கா. அதுக்கேன் பேயைக் கூப்பிட்டனீங்கள்?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. நான் சத்தியம் பண்ணினேன். ஓம் என்று தலையாட்டினார், தேத்தண்ணியும் தந்தார்.

போன கிழமை திரும்பவும் போனேன். வேலைக்குப் போகிற மகளுக்கு ஒரு சட்டையை அதே உரப்பையிலிருந்து உருவி எடுத்துக் கொடுத்துவிட்டு, என் முன்னாலேயே பையின் வாயைத் திரும்பக் கட்டினார்.